200 பட்டர்ஃப்ளை 2:08: எந்தக் கல்லூரி கோச்சுக்கு எழுதுவது?

கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. கிளப்பில் வாரம் ஆறு நாள் நீந்துகிறாள். யார்டில் அளக்கும் குளத்தில் 100 பட்டர்ஃப்ளை நேரம் 57.9 விநாடி, 200 பட்டர்ஃப்ளை 2:08 (2 நிமிடம் 8 விநாடி). 100 ஃப்ரீஸ்டைலும் 54.1 வைத்திருக்கிறாள். கல்லூரி கோச்சுகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று ஒரு நிறுவனம் மூவாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறது. கட்டலாமா? முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? நாங்கள் இன்னும் ஹெச்-1பி விசாவில்தான். கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. இன்னொன்று: கோச்சுகளுக்கு எழுத அவள் கூச்சப்படுகிறாள். அவள் பெயரில் நானே எழுதிவிடலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். இந்த வாரமே கார்டைத் தேய்த்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடைப்பந்து, சாக்கர் மாதிரி ஆட்டங்களில் பிள்ளை எப்படி ஆடுகிறது என்பதைக் கோச் கண்ணால் பார்த்தாக வேண்டும். வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, யாரையாவது பிடித்து அனுப்ப வேண்டியிருக்கும். நீச்சலில் அந்தத் தொல்லை இல்லை. அங்கீகாரம் பெற்ற மீட்டுகளில் (நீச்சல் போட்டிகளில்) உங்கள் மகள் போட்ட நேரமெல்லாம், நாட்டின் நீச்சல் அமைப்பான யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கின் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஸ்விம்கிளவுட் தளத்திலும் பெயரைத் தட்டினால் வந்துவிடும். ஒஹாயோவில் இருக்கிற கோச் ஒருவர் காபி ஆறுவதற்குள் அவள் பன்னிரண்டு வயதில் என்ன நேரம் நீந்தினாள் என்பது வரை பார்த்துவிடுவார். திறந்து கிடக்கிற கதவைத் தட்டித் தர மூவாயிரம் டாலர் எதற்கு? இத்தகைய நிறுவனங்களிடமிருந்து எனக்குத் தெரிந்த ஒரு கோச்சுக்கு ஒரே வாசகத்தில் கடிதங்கள் வரும், பெயர் மட்டும் மாறியிருக்கும். இப்போது அவர் அவற்றைத் திறப்பதே இல்லை.

சரி, அவளுடைய நேரம் எந்தக் கல்லூரிக்குப் போதும்? பெரும்பாலான நம் வீடுகளில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, மேலே இருக்கும் இருபது பெயரை எழுதி, அதில் நீச்சல் அணி உள்ளவற்றுக்கு எழுதுகிறார்கள். தலைகீழான வழி அது. கான்ஃபரன்ஸ் மீட்டின் முடிவுத் தாளிலிருந்து தொடங்குங்கள்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றிலும் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் பெரும்பாலும் பிப்ரவரியில் மூன்று நான்கு நாள் சாம்பியன்ஷிப் நடத்தும். அந்த நாட்களில் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதை வைத்துத்தான் கோச்சின் ஆண்டே கணக்கிடப்படுகிறது. காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிச் சுற்று. முதல் எட்டுப் பேர் ஏ ஃபைனல், அடுத்த எட்டு பி ஃபைனல், பல கான்ஃபரன்ஸ்களில் அதற்கடுத்த எட்டுக்கு சி ஃபைனலும் உண்டு. அதில் நீந்துகிறவர்களுக்குத்தான் புள்ளி. இருபத்தைந்தாவதாக வந்தவர் எவ்வளவு நன்றாக நீந்தியிருந்தாலும் அணியின் கணக்கில் அவர் பூஜ்யம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளோடு உட்காருங்கள். அவளுக்குப் பிடித்த ஒரு கல்லூரியின் கான்ஃபரன்ஸ் மீட் முடிவைத் திறந்து, 200 பட்டர்ஃப்ளை காலைச் சுற்றுக்குப் போங்கள். எட்டாவது, பதினாறாவது, இருபத்துநாலாவது இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2:08 அங்கே எங்கே விழுகிறது? இருபத்துநாலாவது இடத்தை ஒட்டி விழுந்தால் அந்தக் கோச் அவள் கடிதத்தைப் படிப்பார். ஒன்றிரண்டு விநாடி வெளியே இருந்தாலும் பாதகமில்லை, அவள் பத்தாம் வகுப்புதானே. ஆறு விநாடி வெளியே என்றால் அந்தக் கல்லூரியில் படிக்க விண்ணப்பிக்கலாம், நீந்துவதற்காக இல்லை. இப்போதே பி ஃபைனலில் விழுகிறது என்றால் அங்கே பணத்தைப் பற்றியும் பேச முடியும். உச்சியைப் பார்த்து மிரள வேண்டாம். 2025 மார்ச்சில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிரெட்சன் வால்ஷ் 100 பட்டர்ஃப்ளையை 46.97-இல் முடித்தார். அதெல்லாம் வேறு உலகம். உங்கள் மகள் எழுத வேண்டிய அணிகள் டிவிஷன் 1-இன் சிறிய கான்ஃபரன்ஸ்களிலும், டிவிஷன் 2, 3-இலும் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

அப்புறம் அதே அணியின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். இன்று கல்லூரியில் முதலாண்டு படிக்கிறவர்கள், உங்கள் மகள் சேரும்போது கடைசி ஆண்டில் இருப்பார்கள். அவர்களுக்கு மூத்தவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். முதலாண்டில் ஏற்கெனவே மூன்று பட்டர்ஃப்ளைக்காரர்கள் இருக்கிறார்களா, அல்லது இருக்கிற இருவரும் அதற்குள் படிப்பை முடித்துவிடுகிறார்களா? இரண்டாவது வகை அணிக்குத்தான் உங்கள் மகள் தேவைப்படுவாள்.

100 ஃப்ரீஸ்டைலை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோச் முதலில் அதைத்தான் பார்த்தாலும் ஆச்சரியமில்லை. கல்லூரி மீட்டில் ஐந்து ரிலே, ஆளுக்கு ஒரு சுற்றாக மொத்தம் இருபது சுற்று. மூன்று ரிலே முழுக்க ஃப்ரீஸ்டைல், நான்கு பாணியும் வரும் இரண்டு மெட்லி ரிலேயிலும் கடைசிச் சுற்று ஃப்ரீஸ்டைல். ஆக இருபதில் பதினான்கு. பட்டர்ஃப்ளைக்கு இரண்டே இரண்டு. ரிலேக்குப் புள்ளியும் இரட்டிப்பு. 54.1 இன்னும் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி இறங்கினால் அவளை அழைக்கிற அணிகளின் பட்டியலே நீளும். பதின்மூன்று வயதிலிருந்து நேரம் அசையாத வேகமான பெண்ணைவிட, ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வருகிறவளைக் கோச்சுகளுக்குப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம்: பள்ளி மீட்டில் 200 பட்டர்ஃப்ளை கிடையாது, 100 மட்டும்தான். கல்லூரியில் இரண்டும் உண்டு. பள்ளி அணிக்காகக் கிளப் மீட்டுகளை விட்டுவிட்டால் அவளுடைய நல்ல அயிட்டத்துக்கே புது நேரம் இருக்காது.

முழு ஸ்காலர்ஷிப் பற்றி. எதிர்பார்க்காதீர்கள். பல ஆண்டுகளாக டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9 என்று வரம்பு இருந்தது. அதையும் பெரும்பாலும் கூறுபோட்டு இருபது முப்பது பேருக்குக் கொடுப்பார்கள், ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்குப் புத்தகச் செலவு என்று. கல்லூரி வீரர்கள் பணத்துக்காக என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 30 பேர் என்ற தலைக்கணக்கு வந்தது. காகிதத்தில் முப்பது பேருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம். நடைமுறையில் பல இடங்களில் பணம் கூடவில்லை, தலைகள்தான் குறைந்தன. பணமில்லாமல் சும்மா அணியில் சேர்ந்து, மெல்ல மெல்ல முன்னேறி, மூன்றாம் ஆண்டில் புள்ளி எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த அணிகளில் அந்த வழி இப்போது குறுகிவிட்டது. வரம்பை எதிர்பார்த்துக் கல்லூரிகள் முன்கூட்டியே ஆட்களைக் கழித்துவிட்டதால், அப்படி இடம் இழந்தவர்களுக்கு ஒரு வழி சொல்லாமல் கையெழுத்திட முடியாது என்று நீதிபதியே முதலில் ஒப்புதலைத் தள்ளிவைத்திருந்தார். அதனால் எந்தக் கோச்சிடமும் முதலில் கேட்க வேண்டியது: உங்கள் கல்லூரி சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா, அணியில் எத்தனை பேர் வைத்துக்கொள்வீர்கள்?

டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீக்கிலும் கிடையாது. இதைக் கேட்டதும் பல அப்பாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவசரப்படாதீர்கள். எம்ஐடி, எமரி, கென்யன், டெனிசன் எல்லாம் டிவிஷன் 3-தான். கென்யன் ஆண்கள் அணி 1980-இலிருந்து 2010 வரை தொடர்ச்சியாக 31 தேசியப் பட்டம் வென்றது. மறு ஆண்டு டெனிசன் அதை ஒரே ஒரு புள்ளியில் முறித்தது. அந்த டிவிஷனைப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அங்கே மதிப்பெண்ணுக்கான உதவியும், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் சேர்ந்தால் டிவிஷன் 1-இன் கால் ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாகவே வரலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் அவள் மதிப்பெண் பட்டியலைக் கோச் அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து முன்கூட்டியே பார்க்கச் சொல்வார். அதற்குப் பெயர் ப்ரீ-ரீட். அதில் 'பச்சை', அதாவது இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு என்ற பதில், வந்தால்தான் கோச்சின் ஆதரவுக்கு அர்த்தம். எனவே கணக்கு, வேதியியல் தரத்தைக் காலைப் பயிற்சிக்குப் பலி கொடுக்காதீர்கள்.

உங்கள் விசா நிலைமை இங்கேதான் குறுக்கிடுகிறது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தேவையில்லை, ஹெச்-4 (ஹெச்-1பி காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்கும் தரலாம். ஆனால் அரசின் கல்வி உதவி ஹெச்-4-க்குக் கிடையாது. வருமானம் பார்த்துத் தரும் உதவியில் பல கல்லூரிகள் அவளை வெளிநாட்டு மாணவியாகவே கணக்கிடும். அப்படியானவர்களுக்கும் தேவை முழுவதையும் ஈடுகட்டுகிற கல்லூரிகள் கொஞ்சம்தான். எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், போடன் அந்த வகை, மூன்றிலும் நீச்சல் அணி உண்டு. இருபத்தொரு வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் பெறலாம் என்கிறார்கள் அல்லவா, அந்தப் பணம் இந்த விசாக்களில் சிக்கல். கோச் நல்ல மனதோடு ஒரு தாளை நீட்டினாலும், குடியேற்ற வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

நாள்காட்டி பெரிய விஷயமில்லை. டிவிஷன் 1, 2 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் அவளிடம் பேசலாம். டிவிஷன் 1-இல் கல்லூரிச் செலவில் போய்ப் பார்க்கும் விசிட் அந்த ஆகஸ்ட் 1-லிருந்து. அதற்கு முன் அவள் எழுதலாம், அவர்கள் பதில் எழுதக் கூடாது. விவரம் கேட்கும் படிவமோ கேம்ப் விளம்பரமோ வரும், அவ்வளவுதான். மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்யுங்கள். பதினாறு அடிப்படைப் பாடங்கள் கணக்கில் வரும். டிவிஷன் 1-க்கு அவற்றில் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். வாயால் சொன்ன 'கமிட்' (சேர்கிறேன், சேர்த்துக்கொள்கிறேன் என்ற வாக்கு) இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வரும் ஆஃபர்தான் ஆஃபர். அதிலும் ஓராண்டுக்கா நாலாண்டுக்கா, காயம்பட்டால் என்ன என்று படித்துப் பாருங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அப்பா மகள் பெயரில் முப்பது கடிதம் அனுப்பினார். ஒவ்வொன்றும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிந்தது. டெக்சாஸில் வளர்ந்த பதினாறு வயதுப் பெண் எவளும் அப்படி எழுதமாட்டாள். ஒரே ஒரு கோச் பதில் போட்டார், 'உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள்' என்று.

கடிதம் ஐந்தாறு வரி போதும். பொருள் வரியில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, இரண்டு நேரம். உள்ளே பள்ளி, மதிப்பெண் சராசரி, கிளப் கோச்சின் தொலைபேசி எண், அடுத்த மீட் எது. கூடவே அந்த அணியைப் பற்றி அவளே கண்டுபிடித்த ஒரு விஷயம், ஞாயிற்றுக்கிழமை பார்த்த முடிவுத் தாளிலிருந்தே எடுக்கலாம். கூச்சத்துக்கு ஒரு வைத்தியம்: டிவிஷன் 3 கோச்சுகளுக்கு அந்த ஜூன் 15 தடை இல்லை, இப்போதே பதில் எழுதலாம். பட்டியலில் நடுவாந்திரமாக இருக்கிற இரண்டு மூன்று அணிகளுக்கு அவள் முதலில் எழுதட்டும். நாலு மின்னஞ்சல், இரண்டு ஃபோன் பேசியபின் பழகிவிடும்.

ஜூனில் ஃபோன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லாதீர்கள். காலைப் பயிற்சி எத்தனை மணிக்கு, மத்தியான லேப் வகுப்போடு மோதினால் என்ன செய்வார்கள், போன ஆண்டு அணியை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்ற கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.