நற்கருணை அப்பத்தில் உள்ள கோதுமை என் மகளுக்கு ஆகுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருடம் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, கோதுமை குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் கொடுப்பதில்லை. வயிற்றுப்போக்கு நின்று எடையும் ஏறியிருக்கிறது. வரும் மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. பூசையில் நற்கருணையாகக் கொடுக்கும் அப்பமான ஓஸ்தியை அரிசி மாவில் செய்து தரலாமா என்று கேட்டால், கூடாது என்கிறார்கள். "ஆண்டவருடைய உடல் பிள்ளையை என்ன செய்துவிடும்?" என்கிறார் மாமியார். அவருக்குச் சர்க்கரை நோய். ஆனாலும் ஞாயிறு காலை பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள் டாக்டர்.
- ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உங்கள் ஊரில் யாருக்கும் இந்த நோயைப் பற்றித் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை அம்மா. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பெரியவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.

முதலில் மாமியாரின் கேள்வி. அதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம், அவருடைய திருச்சபையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வசீகரத்தின்போது, அதாவது பூசையில் குரு அப்பத்தை அர்ச்சிக்கும்போது, அதன் உட்பொருள்தான் ஆண்டவருடைய உடலாக மாறுகிறது, நிறம், சுவை, எடை போன்ற வெளித்தன்மைகள் அப்படியே இருக்கும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கியிருக்கிறார். உங்கள் மகளின் குடலுக்குத் தெரிவது அந்த வெளித்தன்மைகள் மட்டும்தான். அவளுக்கு ஆகாத கோதுமைப் புரதமான குளூட்டனும் அதில் சேர்த்தி. இப்படிச் சொன்னால் பெரியவர் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அரிசியில் ஏன் கூடாது என்கிறார்கள்? நம் மொழியில் 'அப்பம்' என்றாலே அரிசிதான் நினைவுக்கு வரும். கேரளத்தில் சிரிய மரபுக் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் வீட்டில் செய்யும் பெசகா அப்பம்கூட அரிசியும் உளுந்தும்தான். ஆனால் பலிபீடத்து அப்பம் கோதுமையில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவு சொல்கிறது. குளூட்டனை முழுவதும் நீக்கிய அப்பமும் செல்லாது என்று வத்திக்கான் 2003-இல் எழுதி, 2017-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. எனவே பங்குத்தந்தையிடம் அரிசிக்காக வாதாடிப் பயனில்லை. வேறு வாசல் திறந்தே இருக்கிறது.

925-ஆம் பிரிவின்படி, தேவை ஏற்பட்டால் திராட்சை இரசத்தை மட்டுமே நற்கருணையாகக் கொடுக்கலாம். அது அரை நற்கருணை அல்ல, முழுமையானதுதான் என்பது அவர்களுடைய போதனை. நம் பங்குகளில் மக்களுக்குப் பெரும்பாலும் ஓஸ்தி மட்டுமே கொடுப்பதால் இந்தக் கோரிக்கை புதிதாகத் தோன்றலாம். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான இரசம் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. அதுவும் வேண்டாம் என்றால், புளிக்க விடாத திராட்சைச் சாறும் செல்லும், அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூசையில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டைத் தம் கிண்ணத்துக்குள் போடுவார். சில இடங்களில் ஓஸ்தியை இரசத்தில் தோய்த்தும் கொடுப்பார்கள். அந்தக் கிண்ணத்திலிருந்து உங்கள் மகள் குடித்தால் கோதுமையும் சேர்ந்தே உள்ளே போகும். அவளுக்கென்று தனியாக ஒரு சிறு கிண்ணம் பீடத்தில் வைக்கப்பட வேண்டும், அதில் யாரும் எதையும் தோய்க்கக் கூடாது.

குறைந்த குளூட்டன் ஓஸ்தி என்று ஒன்றும் இருக்கிறது. கோதுமை ஸ்டார்ச்சில் செய்வதால் திருச்சபை அதை ஏற்கிறது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் பெனடிக்டன் சகோதரிகள் தயாரித்ததில் குளூட்டன் அளவு 0.01 சதவீதம்தான். சாதாரண ஓஸ்தி சுமார் கால் கிராம் எடை. அதில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடலுறிஞ்சிகள் சேதமாவதைக் கண்டிருக்கிறார்கள், 10-க்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. குறைந்த குளூட்டன் ஓஸ்தியில் இருப்பதோ ஒரு மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்கு. பெரும்பாலோருக்கு இது ஒத்துக்கொள்ளும். என்றாலும் உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். "சாதாரண ஓஸ்தியில் ஒரு சின்னத் துணுக்கு" என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். வயிறு வலிக்கவில்லை என்பதால் குடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, இந்த நோயில் சேதம் சத்தமில்லாமல் நடக்கும்.

அப்பமோ இரசமோ ஒன்று மட்டும் போதும் என்ற அந்த 925-ஆம் பிரிவு மறுபக்கமும் வேலை செய்யும். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு மடக்கு இரசமும் தொடக் கூடாது. முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடப்பு வந்துவிடும். அவர்கள் ஓஸ்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி மாமியார். அவர் கடைப்பிடிப்பது பழைய சட்டம். நள்ளிரவு முதல் உண்ணக் கூடாது என்றிருந்ததை 1957-இல் மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் தண்ணீரும் மருந்தும் விலக்கு. முதியவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனிப்பவர்கள் ஆகியோருக்கு அந்த விதியே இல்லை. எனவே இரண்டு இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டே கோவிலுக்குப் போகலாம். மருந்தை எடுத்துவிட்டுப் பட்டினியாகப் போனால், பூசை நடுவிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும். கைப்பையில் குளுக்கோஸ் பொடியோ நான்கு மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கினாலோ வியர்த்தாலோ பிரசங்கம் முடியும்வரை காத்திராமல் உடனே வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஓஸ்தியால் சர்க்கரை ஏறுமோ என்ற பயம் அவருக்கு இருந்தால் அது தேவையில்லை, அதன் எடையே கால் கிராம்தான்.

அப்புறம், புதுநன்மை அன்றைய மதிய விருந்து. பிரியாணிக்கு நான் அதிகம் பயப்படவில்லை. கேக்கில் மைதா இருப்பது உங்களுக்கே தெரியும். கோவில் இரசத்தைக் கவனிக்கிற அவசரத்தில் வீட்டு ரசத்தை மறந்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.