பட்டா நிலத்துப் பாறை யாருக்குச் சொந்தம்?

தென்னாப்பிரிக்காவில், மிட்ராண்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மேலூர்ப் பக்கம் அப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர், பட்டா இவர் பெயரில், பாதி நிலம் பாறை. பக்கத்துப் புறம்போக்குப் பாறையை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர் இப்போது எல்லை தாண்டிவிட்டார். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய போட்டோவில் சர்வே கல் பிடுங்கிக் கிடக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் பத்தடியில் வரிசையாகக் கம்ப்ரசர் துளைகள். கேட்டால் "மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் சர்க்காருக்கு" என்கிறாராம். தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தானே என்று தம்பியும் பாதி நம்பிவிட்டார்.

இங்கே அப்படித்தான், சரி. 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்த கனிமச் சட்டம், கனிமம் மக்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் என்கிறது. எங்கள் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று விவசாயிகள் அமைப்பு வழக்குப் போட்டபோது, 2013 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் இது பறிமுதல் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் நிலம் இருப்பது இந்தியாவில். அதே 2013 ஜூலையில் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், மலபார் நிலங்களைப் பற்றிய வழக்கு அது, இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடிமண் கனிமம் எல்லாம் அரசுடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, முறையான வழியில் பறிக்கப்படாத வரை நிலம் யாருடையதோ கனிமமும் அவருடையதே. ஆகவே அந்தக் குத்தகைக்காரர் சொல்வது தப்பு.

அதற்காக நாளைக்கே நீங்கள் கல் உடைக்கலாம் என்று அர்த்தமில்லை. 1957-ம் ஆண்டு மத்தியக் கனிமச் சட்டத்தின் 15-வது பிரிவு, கட்டடக் கல் போன்ற சிறு கனிமங்களுக்கு விதி போடும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. தமிழ்நாட்டின் 1959 சிறு கனிம விதிகள் பட்டா நிலத்துக்கும் உண்டு. கலெக்டர் அனுமதி, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, எடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணம் எல்லாம் வேண்டும், ஊர்க் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் என்றால் கல்குவாரியே கிடையாது. மாநிலம் எவ்வளவு தூரம் போகலாம் என்றால், 1977-ல் கறுப்பு கிரானைட் குத்தகை தனியாருக்கே கிடையாது என்று 8-சி விதி கொண்டுவந்தார்கள், 1981-ல் ஹிண்ட் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லும் என்றது. ஒழுங்குபடுத்தலாம், மறுக்கலாம், கட்டணம் வாங்கலாம். ஆனால் உங்கள் பட்டா நிலத்துக் கல்லை உங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் குத்தகை விடுவது அந்த அதிகாரத்துக்குள் வராது. புறம்போக்குக்கு வாங்கிய உத்தரவு அதில் எழுதியிருக்கும் சர்வே எண்ணோடு முடிந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நிலம் பழைய ஜமீனில் இருந்ததா என்று பாருங்கள். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் ஜமீனின் சுரங்கமும் குவாரியும் சேர்ந்தே அரசுக்குப் போய்விட்டன, அப்படி இருந்தால் கனிம உரிமை பற்றிய வாதம் சிக்கலாகும். அப்போதும் உங்கள் வயலுக்குள் இறங்க அவருக்கு உரிமை வந்துவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், என் கவலையே அதுதான். சும்மா இருந்தால் பழி உங்கள் மேல் வரும். அனுமதியில்லாமல் எடுத்த கல்லின் விலையை எடுத்தவரிடம் வசூலிக்க அதே 1957 சட்டத்தின் 21-வது பிரிவு இடம் தருகிறது, எடுத்தது யார் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாவிட்டால் நோட்டீஸ் முதலில் பட்டாதாரர் வாசலுக்குத்தான் வரும். ஆகவே இந்த வாரமே கலெக்டருக்கும் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் போட்டோவோடு பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், நகல் தாசில்தாருக்கு, கூடவே எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தின்படி அளந்து கல் நடச் சொல்லி மனு. திருட்டு என்று போலீசிலும் கொடுக்கலாம், கனிமச் சட்டம் அதைத் தடுக்காது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு, அல்லது உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை உத்தரவு.

அண்ணன் உங்களுக்காகக் கையெழுத்துப் போட பவர் பத்திரம் வேண்டும். ஜோஹானஸ்பர்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள், ஊர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதில் வழக்கு நடத்த மட்டும் அதிகாரம் கொடுங்கள், நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வேண்டாம்.