கட்டார்ல இருந்துகிட்டே ஊர் காணிய விக்க தம்பிக்கு பவர் குடுக்கலாமா?

டோஹாவுல ஒரு வீட்டுல வேலை செய்ற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. வேலை செஞ்சு சேத்த காசுல கொட்டகலை பக்கம் 10 பேர்ச்சஸ் காணி வாங்கி போட்டிருக்காங்க, உறுதி (காணிப் பத்திரம்) அவங்க பேர்லதான். இப்ப அத வித்துட்டு டவுனுக்கு கிட்ட வேற எடம் பாக்கணும், ஆனா லீவு கெடைக்காது, அதனால தம்பிக்கு பவர் ஒஃப் அட்டோர்னி, அதாவது தனக்கு பதிலா கையெழுத்து போட அதிகாரம் குடுக்குற பத்திரம், குடுத்தா அவரே கையெழுத்து போட்டு வித்துருவாரானு ஒரு கேள்வி. ராகலையில அப்பா பேர்ல கொஞ்சம் காணி இருக்கு, அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, அம்மா இல்ல, நொத்தாரிசு (உறுதி, பத்திரமெல்லாம் எழுதி உறுதிப்படுத்துறவர்) வீட்டுக்கே வந்து பவர் எழுதுவாரானு ரெண்டாவது. கடைசியா, லயத்துல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) அப்பா இருக்குற வீட்டையும் அந்த பவர்லயே தம்பி பேருக்கு மாத்திரலாமானு.

மொதல் ரெண்டும் முடியும் தங்கச்சி, மூணாவது முடியாது. ஆனா முடியும்ங்கிறதுக்காக கண்ண மூடிகிட்டு செஞ்சிர வேணாம், ஏன்னா நீங்க அனுப்பின வாட்ஸ்ஸப் படத்துல தம்பி ரெடி பண்ணி வச்சிருக்குற டிராஃப்ட பாத்தேன், அது ஜெனரல் பவர். உங்க பேர்ல இருக்குற எல்லா சொத்தையும் விக்க, ஈடு வைக்க, குத்தகைக்கு குடுக்க, பேங்க்ல காசு எடுக்க, வழக்கு பேச, எல்லாத்துக்கும் தம்பிக்கு அதிகாரம்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கு. தம்பி கெட்டவருனு நான் சொல்லல, டைப் பண்ற எடத்துல எல்லாருக்கும் அதே ஃபோர்மதான் எடுத்து குடுக்குறாங்க. ஆனா அந்த பவர் இருக்குற வரைக்கும் தம்பி போடுற கையெழுத்து உங்க கையெழுத்துதான், பெறகு நான் அப்பிடி சொல்லலையேனு நீங்க அழுதாலும் காணிய காசு குடுத்து வாங்கினவன் திருப்பி தரமாட்டான்.

அதனால உங்களுக்கு வேண்டியது ஸ்பெஷல் பவர். இந்த ஒரு காணிய விக்க மட்டும். காணி எதுனு சும்மா "கொட்டகலையில உள்ள காணி"னு எழுதினா பத்தாது. உறுதி நம்பர், தேதி, எழுதின நொத்தாரிசு பேரு, பிளான் நம்பர், அளந்த நில அளவையாளர் பேரு, லொட் நம்பர், எத்தன பேர்ச்சஸ், நாலு பக்கத்து எல்லை, காணிப் பதிவகத்துல பதிஞ்ச விபரம், இவ்வளவும் உங்க உறுதியோட கடைசியில அட்டவணையில இருக்கும், அத ஒரு எழுத்து மாறாம அப்பிடியே எறக்கணும். அதுக்கு பெறகு என்ன செய்யலாம்னு எழுதுங்க: விக்கலாம், விக்கிற உறுதியில கையெழுத்து போடலாம். என்ன செய்யக் கூடாதுனும் எழுதுங்க: நன்கொடையா குடுக்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, தன் பேருக்கே மாத்திக்கக் கூடாது, இந்த அதிகாரத்த வேற ஆளுக்கு குடுக்கக் கூடாது. இவ்வளவுக்கு கொறஞ்ச வெலைக்கு விக்கக் கூடாதுனு ஒரு தொகையும் போடலாம். காசு எங்க போகணும்ங்கிறத மறந்துறாதீங்க, வாங்குறவர் உங்க பேர்ல உள்ள பேங்க் கணக்குக்குத்தான் போடணும்னு கணக்கு நம்பரோட எழுதினா தம்பிக்கும் நிம்மதி, நாளைக்கு குடும்பத்துக்குள்ள வாய் வார்த்தை வராது. இத்தன மாசத்தோட பவர் முடியுதுனு ஒரு காலமும் வைங்க.

இந்த டிராஃப்ட டோஹாவுல டைப்பிங் கடையில எழுதாதீங்க. ஊர்ல உங்க விற்பனை உறுதிய எழுதப் போற அதே நொத்தாரிசுகிட்ட தம்பிய அனுப்பி அங்கயே எழுத சொல்லுங்க, நாளைக்கு அந்த பவர கையில எடுத்து பாத்து "இது சரி வராது"னு சொல்லப் போறது அவருதானே. எழுதினத வாட்ஸ்ஸப்ல வாங்கி படிங்க, சிங்களத்துலயோ இங்கிலிஷ்லயோ இருந்து வெளங்கலனா வெளங்குற ஒருத்தர்கிட்ட குடுத்து வரிக்கு வரி கேளுங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

அதுக்கு பெறகு டோஹாவுல உள்ள நம்ம இலங்கை தூதரகம். கொன்சியூலர் அதிகாரி முன்னாலதான் கையெழுத்து போடணும், வீட்டுல உக்காந்து போட்டு கொண்டு போனா திருப்பி அனுப்பிருவாங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட், கட்டார் ஐடி, ரெண்டோடயும் கொப்பி, காணி உறுதி கொப்பி, தம்பியோட அடையாள அட்டை கொப்பி, உங்க ரெண்டு பேர் படம், இவ்வளவும் கொண்டு போங்க, பெருவிரல் அடையாளமும் வைக்க சொல்லுவாங்க. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும், உங்கள தெரிஞ்ச நம்ம ஊர் ஆக்கள் ரெண்டு பேர பாஸ்போர்ட்டோட கூட்டிட்டு போறது நல்லது. போறதுக்கு முந்தி தூதரகத்துக்கு போன் பண்ணி நேரமும் கட்டணமும் கேட்டுக்குங்க. வீட்டு வேலைக்காரங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமைதான் கெடைக்கும், அன்னைக்கு அங்க பொதுவா ஒபிஸ் மூடியிருக்கும், அதனால மெடம்கிட்ட வேற ஒரு நாள் காலையில ரெண்டு மணித்தியாலம் முன்கூட்டியே கேட்டு வைங்க. பாஸ்போர்ட் அவங்க கையில இருந்தா அதையும் அப்பவே கேளுங்க, கட்டார் சட்டப்படி வேலைக்காரரோட பாஸ்போர்ட்ட எஜமான் வச்சிக்கக் கூடாது, ஆனா நெலவரம் என்னனு நமக்கு தெரியுமே, சண்டைக்கு போகாம தூதரகத்துல காட்ட வேணும்னு சொல்லி வாங்குங்க.

இன்னொண்ணு. "அக்கா நீ ஒண்ணும் அலைய வேணாம், வெத்து பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்பு, இங்க தெரிஞ்ச ஜேபி (சமாதான நீதவான்) ஒருத்தர் சீல் அடிச்சு தருவாரு"னு யாராவது சொன்னா அந்தப் பேச்சையே எடுக்க விடாதீங்க. தன் கண் முன்னால போடாத கையெழுத்துக்கு முன்னால போட்டதா சீல் அடிக்கிறது குத்தம், அந்த பேப்பர வச்சு எழுதுற உறுதியும் நாளைக்கு கோர்ட்ல நிக்காது.

தூதரகத்துல சரியானதும் ஒரிஜினல குரியர்ல அனுப்புங்க, ஃபோட்டோ பத்தாது. தூதரகத்து அதிகாரியோட கையெழுத்த வெளிநாட்டமைச்சோட கொன்சியூலர் பிரிவுல உறுதிப்படுத்தணும், அது பத்தரமுல்ல சுஹுருபாயவுல இருக்கு, கண்டியிலயும் பிராந்திய அலுவலகம் ஒண்ணு இருக்குறதால நம்ம ஆக்கள் கொழும்பு வரைக்கும் பஸ் ஏற தேவையில்ல. அதுக்கு பெறகு பதிவு. அட்டோர்னி பவர் சட்டம் 1902ம் வருஷத்து பழைய சட்டம்தான், கள்ள உறுதி கேஸ் கூடினதால 2022ல திருத்தம் கொண்டு வந்து நடைமுறைய இறுக்கிட்டாங்க. பதிவாளர் நாயகம் திணைக்களத்துல பதியாத பவர வச்சு காணி உறுதி எழுத பொறுப்பான நொத்தாரிசு யாரும் சம்மதிக்க மாட்டாங்க, அதனால குரியர் கைக்கு வந்த உடனே பதிய சொல்லுங்க, அலுமாரியில வச்சிட்டு வாங்குற ஆள் கெடைச்ச பெறகு ஓடுறது சரி வராது. உறுதி எழுதுற அன்னைக்கு நொத்தாரிசு உங்களுக்கு வீடியோ கோல் எடுத்தா சந்தேகப்படுறாருனு கோவிச்சுக்காதீங்க, பவர் குடுத்தவர் உயிரோட, சம்மதத்தோட இருக்காரானு பாக்குற நல்ல ஆள்னு நெனைங்க.

தம்பியோட ஏதும் சரிவரலனா பவர ரத்து பண்ணலாம், எப்ப வேணும்னாலும். அதுக்கும் எழுத்துல ஒரு ரத்து பத்திரம் எழுதி, தூதரகத்துல கையெழுத்து போட்டு, பவர் பதிஞ்ச எடத்துலயே பதிஞ்சு, தம்பிக்கு பதிவுத் தபால்ல அறிவிச்சு, பத்திரிகையிலயும் விளம்பரம் போட்டுரணும். போன்ல "நான் ரத்து பண்ணிட்டேன்"னு கத்துனா ரத்து ஆகாது.

இப்ப அப்பாவோட விஷயம்.

நொத்தாரிசு வீட்டுக்கு வருவாரு, ஆஸ்பத்திரி வார்டுக்கும் வருவாரு, அதுக்கு தடை இல்ல. ஆனா ஒவ்வொரு நொத்தாரிசுக்கும் இன்ன பகுதியில, இன்ன மொழியிலதான் எழுதலாம்னு அனுமதி இருக்கு. ராகலையில வந்து எழுதணும்னா அந்தப் பகுதிக்கு அனுமதி உள்ள ஆள் வேணும், கொழும்புல தெரிஞ்ச லோயர காருல கூட்டிட்டு வந்து எழுதுறது சரிப்படாது. கை வெளங்காததால கையெழுத்து போட முடியலனா பெருவிரல் அடையாளம் போதும். முக்கியம் அப்பாவோட புத்தி. பேச்சு கொழறினாலும் பரவாயில்ல, கேக்குறது வெளங்கி "ஆமா, இது என் காணி, இவன் என் மகன், இதுக்குத்தான் அதிகாரம் குடுக்குறேன்"னு தலையாட்டியாவது காட்ட முடியணும். பக்கவாத நோயாளிங்கிறதால அதே நாள், இல்லனா முந்தின நாள், பாக்குற டாக்டர்கிட்ட புத்தி தெளிவா இருக்காருனு ஒரு கடிதம் வாங்கி வைங்க. நொத்தாரிசு அப்பாகிட்ட பேசும்போது தம்பி பக்கத்துல நிக்காம வாசலுக்கு வந்து நின்னா இன்னும் நல்லது, நான்னா முதல்ல மகன வெளிய போகச் சொல்லிட்டுத்தான் பேச்ச ஆரம்பிப்பேன்.

சாட்சி ரெண்டு பேர் வேணும். நொத்தாரிசுக்கு அப்பாவ தெரியாதுனா அந்த ரெண்டு சாட்சிக்கும் அப்பாவ நல்லா தெரிஞ்சிருக்கணும், பேரு, ஊரு, தொழில் எல்லாம். பக்கத்து காம்பரா ஆக்கள், கோயில் தலைவர், ரிட்டயரான கணக்கப்பிள்ளை, அப்பிடி யாராவது, ஆனா குடும்பத்துக்குள்ள வேணாம்.

மலையகத்துல நொத்தாரிசு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்த பெறகு வேலை நின்னு போறது பெரும்பாலும் பேருலதான். அடையாள அட்டையில "முத்தையா ராமசாமி", உறுதியில "எம். ராமசாமி", பொறப்பு சர்டிபிகேட்ல "இராமசாமி", தோட்டத்து செக்ரோல்ல (தொழிலாளர் பேர் பதிவுல) "ராமன்", சிங்களத்துல பதியும்போது ஒரு கொம்பு கூடி இன்னொரு பேரு. எல்லாம் ஒரே மனுசன்தான், ஆனா பேப்பருக்கு அது தெரியாது. நொத்தாரிசு வர்றதுக்கு முந்தியே ஐடியையும் உறுதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாத்து, வித்தியாசம் இருந்தா இந்தப் பேருல எல்லாம் வழங்குறது ஒரே ஆள்னு ஜேபி முன்னால ஒரு சத்தியக் கடதாசியும், கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதமும் எடுத்து வைங்க. ஐடி தொலைஞ்சிருந்தா மொதல்ல அத எடுக்குறதுதான் வேலை.

ஆனா தங்கச்சி, அப்பாவோட காணிக்கு பவரே சரியான வழிதானானு நான் திருப்பி கேக்குறேன். பவர் அப்பா மூச்சு இருக்குற வரைக்கும்தான். அவர் கண் மூடின அந்த நிமிஷமே பவரும் முடிஞ்சிரும், அதுக்கு பெறகு அத வச்சு தம்பி போடுற எந்த கையெழுத்தும் செல்லாது, தெரிஞ்சே போட்டா மோசடி. புத்தி தடுமாறி போனாலும் அப்பிடித்தான், வெளிநாடுகள்ல உள்ள மாதிரி புத்தி போன பெறகும் செல்லுபடியாகுற பவர் நம்ம சட்டத்துல இல்ல, அப்பிடி ஆனா மாவட்ட நீதிமன்றத்துல வழக்கு போட்டு சொத்த பாக்க ஒரு ஆள நியமிக்கணும், அது நாள் இழுக்கும். அப்பாவோட எண்ணம் காணி பிள்ளைங்களுக்கு சேரணும்ங்கிறதுனா, உங்க ரெண்டு பேர் பேர்லயும் நன்கொடை உறுதி எழுதி, தான் இருக்குற வரைக்கும் சீவிய உரித்த தனக்கு வச்சிக்கலாம், காணிய விட்டு அவர யாரும் எழுப்ப முடியாது. இல்லனா மரண சாசனம் எழுதலாம், நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லாம எழுதுனா அஞ்சு சாட்சி, காணி கெடைக்கப் போற நீங்களோ தம்பியோ அதுல சாட்சியா நிக்க வேணாம். ஒண்ணுமே எழுதாம போனாலும் அம்மா இல்லாததால பிள்ளைங்க ரெண்டு பேர் மட்டும்தான்னா சரி பாதிதான், பொம்பளப் பிள்ளைக்கு பங்கில்லனு ஊர்ல சொல்றத நம்பாதீங்க. அப்பா உயிரோட இருக்கும்போதே அந்த காணிய வித்து வைத்தியத்துக்கு காசு எடுக்கணும்னா மட்டும் தம்பிக்கு பவர், அதுவும் அதே ஸ்பெஷல் பவர்.

லயத்து வீடு. உங்ககிட்ட இல்லாத உரிமைய பவர்ல குடுக்க முடியாது, அவ்வளவுதான் சட்டம். தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992ல நிர்வாகத்த கம்பனிகளுக்கு குடுத்து, பெறகு 53 வருஷ குத்தகையில விட்டிருக்காங்க. அதுக்குள்ள நிக்கிற லயத்துக்கு அப்பா பேர்ல உறுதி கெடையாது, எத்தன தலைமுறை இருந்தாலும். இதுக்கு பவர் எழுதி குடுக்குறேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. லயத்துக்கு பதிலா 7 பேர்ச்சஸ்ல தனி வீடு கட்டி உறுதி குடுத்திருந்தா அது வேற கதை, அந்த உறுதியில என்ன நிபந்தனை எழுதியிருக்குனு பாத்துத்தான் சொல்லலாம்.

உங்க உறுதி எல்லா பக்கமும், பிளானும், அப்பாவோட ராகலை உறுதியும், ரெண்டு ஐடியும் முன்னும் பின்னுமா தம்பிய ஸ்கேன் பண்ணி அனுப்ப சொல்லுங்க, மடிச்சு வச்ச எடத்துல எழுத்து மறையாம வெளிச்சத்துல எடுக்க சொல்லுங்க. அப்பாவோட டாக்டர் கடிதத்துக்கு இந்த வாரமே தம்பிய அனுப்புங்க, உங்க காணி கொஞ்சம் பொறுக்கும், அது பொறுக்காது.