பெட்ரோலுக்கு எல்லை தாண்டலாம், புகைக்கு?

காலநிலைக் கொள்கைகள் உண்மையில் புகையைக் குறைக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது பொருளியலில் இன்று தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, சித்தூர், கோபாலபுரம் பகுதித் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அத்துறை ஆய்வாளர் ஒருவர் இங்கே பதில் தருகிறார்.

கொழிஞ்சாம்பாறை, பலசரக்குக் கடைக்காரர்: மேடம், ஒரு நாடு சட்டம் போடுகிறது. ஐந்து வருடம் கழித்துப் புகை குறைந்துவிட்டது என்று மார் தட்டுகிறது. வியாபாரம் படுத்தாலும் புகை குறையுமே? சட்டத்தால்தான் குறைந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

எங்கள் துறையின் பாதி வேலை இந்தக் கேள்விதான், அண்ணா. 2020 ஊரடங்கில் உலகின் கரியமில வாயு வெளியீடு சுமார் 5 சதவீதம் குறைந்தது. அதற்காக எந்த நாடும் காலநிலைச் சட்டம் போடவில்லை. ஆகவே குறைந்ததா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. சட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். நடக்காத ஒன்றை அளப்பது எப்படி என்பதில்தான் சிக்கல்.

ஸ்வீடன் 1991-இல் கார்பன் வரி, அதாவது எரிபொருள் விடும் கரியமில வாயுவுக்கு ஏற்ற வரி போட்டது. வரி போடாத ஸ்வீடன் என்று ஒரு நாடு கிடையாது. எனவே வரி போடாத மற்ற வளர்ந்த நாடுகளைத் தகுந்த விகிதத்தில் கலந்து, 1990-க்கு முன் ஸ்வீடனைப் போலவே நடந்துகொண்ட ஒரு கற்பனை நாட்டைக் காகிதத்தில் உருவாக்கினார்கள். 1990-க்குப் பிறகு இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, போக்குவரத்துப் புகை சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. அதில் பெரும்பங்கு கார்பன் வரியின் விளைவு.

இந்த வேலைக்கு நம் ஊரைப்போல் வசதியான இடம் குறைவு. எல்லையின் இரு பக்கமும் ஒரே கணவாய்க் காற்று, ஒரே தென்னை. பேச்சும் பெரும்பாலும் ஒன்றே. அரசு மட்டும் வேறு. தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், கேரளத்தில் விதிமுறை வேறு. இரு பக்கத்துக் கிணறுகளையும் மோட்டார் ஓடும் நேரத்தையும் ஒப்பிட்டாலே ஒரு முனைவர் பட்டத்துக்குச் சரக்கு இருக்கிறது.

வேலந்தாவளம், ஆட்டோ ஓட்டுநர்: கேரளத்தில் பெட்ரோல் விலை அதிகம் என்று நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வருகிறோம். கார்பன் வரி போட்டாலும் இதுதானே நடக்கும்?

நடக்கும். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது நினைவிருக்கும். எல்லையோர பங்க்கில் விற்பனை குறைந்தால் கேரளத்தின் கணக்கில் பெட்ரோல் குறைந்ததாகத் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அதை எந்தப் பக்கம் வாங்கினீர்கள் என்று புகைக்குழாய் கேட்பதில்லை. ஆய்வாளர்கள் இதைக் கசிவு என்கிறார்கள்.

நாடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகளின் உமிழ்வுக்கு விலை வைத்திருக்கிறது. அப்படியானால் உருக்கு வெளியிலிருந்து மலிவாக வந்து இறங்கும் அல்லவா? அதைத் தடுக்க எல்லையில் கார்பன் கட்டணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2023 அக்டோபரில் கணக்குக் காட்டச் சொன்னார்கள், 2026 ஜனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. இரும்பு உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன.

இந்தியா இதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகள் புகை விட்டு வளர்ந்தவர்கள் இப்போது வாசலில் உட்கார்ந்து சுங்கம் வசூலிக்கிறார்கள். ஆனால் உள்நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அந்தத் தொகையை அங்கே கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்குப் போவதைவிட இங்கேயே தங்கட்டும் என்று நினைப்பவர்கள், புகையைக் குறைத்ததற்கான சீட்டை ஆலைகள் வாங்கி விற்க இந்தியா 2023-இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டத்தை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

வாளையாறு, சிமெண்ட் லாரி ஓட்டுநர்: சிமெண்ட் ஆலை முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டால் புகை நின்றுவிடும் அல்லவா, மேடம்?

நிற்காது, அண்ணா. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே கரியமில வாயு அடைபட்டுக் கிடக்கிறது. சுத்தமான கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூளையை எதைக் கொண்டு சூடாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சிமெண்ட் ஆலையின் மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான்.

வழி, சுட்ட கல்லின் பங்கைக் குறைப்பது. சாம்பல் கலந்த சிமெண்ட்டை நீங்களே ஏற்றிப்போயிருப்பீர்கள். அந்தச் சாம்பல் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. நிலக்கரியை மூட மூட அதுவும் கிடைக்காமல் போகும். அதனால் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் கலக்கும் முறையை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு நம் டெல்லி, சென்னை ஐஐடி-க்களும் சேர்ந்து வளர்த்தெடுத்தார்கள். 2023-இல் அதற்கு இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. ஆய்வு முடிந்துவிட்ட இடம் இது. இனி அரசு டெண்டரில் இந்த சிமெண்ட்டை அனுமதிப்பதாக எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு எத்தனை வருடம் ஆகிறது என்பது எந்த ஆய்வுக்கும் பிடிபடாத விஷயம்.

கோபாலபுரம், தென்னை விவசாயி: அம்மா, என் ஐந்து ஏக்கர் தோப்பு கார்பனை உறிஞ்சுகிறதாம். கையெழுத்துப் போட்டால் வருடா வருடம் பணம் வரும் என்று ஒரு தரகர் வந்து சொல்கிறார். போடலாமா?

பத்திரத்தை முழுக்கப் படிக்காமல் போடாதீர்கள், ஐயா.

கார்பன் வரவு என்பது என்னவென்றால், எங்கோ ஒரு நிறுவனம் ஒரு டன் புகை விடும். அதற்கு ஈடாக இன்னோர் இடத்தில் ஒரு டன் கூடுதலாகக் குறைக்கப்பட்டது என்ற சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கூடுதலாக என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் தோப்பு ஏற்கனவே நிற்கிறது. தரகர் வராவிட்டாலும் நின்றிருக்கும். ஆக, கூடுதல் என்று காட்ட எதுவும் இல்லை. இருந்தும் வரவு விற்கிறார்கள் என்றால் வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள், அல்லது நீங்கள் படிக்காத ஏதோ ஒரு நிபந்தனையில் உங்களைக் கட்டிப்போடுகிறார்கள்.

இது வெறும் சந்தேகம் அல்ல. காடழிப்பைத் தடுத்ததாகச் சொல்லி வரவு விற்ற 26 திட்டங்களை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2023-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பெரும்பாலானவை குறிப்பிடத்தக்க அளவுக்குக் காட்டைக் காக்கவில்லை. திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்பதை ஊதிப் பெருக்கிக் காட்டியிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறை அண்ணா கேட்ட அதே கேள்விதான், இங்கே பொய்க் கணக்குக்கு வாசலாகிவிட்டது.

பத்திரத்தில் மூன்று இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள். எத்தனை வருடம்? இத்தகைய ஒப்பந்தங்கள் இருபது, முப்பது வருடம் போகும். உங்கள் மகன் தோப்பை விற்க நினைத்தால் என்ன ஆகும்? அடுத்து, வேர்வாடல் நோய் வந்து மரங்களை வெட்ட வேண்டியிருந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? பொள்ளாச்சிப் பக்கம் அந்த நோய் தோப்புகளை என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, அளப்பவர், சான்று தருபவர், பதிவு செய்பவர் எல்லோருக்கும் கொடுத்தது போக உங்கள் கைக்கு எவ்வளவு? தரகர் தொகையைச் சொல்லாமல் சதவீதமாகச் சொன்னால், எதன் சதவீதம் என்று கேளுங்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம். வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016 முதல் கார்பன் சமநிலை முயற்சியில் இருக்கிறது. அங்கே நட்டு வளர்க்கும் மரத்தை அடமானமாக வைத்து, மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகள் வட்டியில்லாக் கடன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதில் யாருடைய புகைக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. தொகை சின்னது, ஆனால் கணக்கு நேர்மையானது.

சித்தூர், நெல் விவசாயி: நெல் வயலிலிருந்தும் வாயு வருகிறதாம். காருக்கும் விமானத்துக்கும் சொல்ல முடியாமல் எங்கள் மீது பழி போடுகிறார்களா?

கோபம் புரிகிறது, ஐயா. ஆனால் வாயு வருவது உண்மை. தேங்கிய நீரின் கீழ் மண்ணில் காற்று இல்லாமல் போவதால் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் பெருமளவு சிதைந்துவிடும். நிலக்கரிப் புகையோ பல நூறு ஆண்டுகள் நிற்கும். பசிக்கு விளைவிப்பதையும் பொழுதுபோக்கப் பறப்பதையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே பழைய வாதம் உண்டு.

குறைக்கும் வழி எளிது. ஒரு அடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் பாதி புதையும்படி ஊன்ற வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் நிலத்தடியில் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் தண்ணீர் கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது, விளைச்சலும் பெரிதாகக் குறைவதில்லை. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனாலும் நிகர லாபம்தான்.

இத்தனை எளிது என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? குழாய் சொல்லும் நாளில் உங்கள் மடையில் தண்ணீர் வர வேண்டுமே! தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. அது வாய்க்காலில் முறை வைத்து வருகிறது. அடுத்த முறை எப்போது என்று நம்பிக்கை இல்லாத கடைமடைக்காரர் வந்த தண்ணீரைத் தேக்கித்தான் வைப்பார். உங்கள் வயலின் மீத்தேன் கோட்டப் பொறியாளரின் அட்டவணையில் இருக்கிறது. விவசாயிக்குப் பயிற்சி முகாம் நடத்தி போட்டோ எடுக்கும் திட்டங்கள் அந்த அட்டவணையைத் தொடுவதே இல்லை.

மீனாட்சிபுரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அக்கா, கரண்டே நிலக்கரியில்தான் வருகிறது. மின்சார ஸ்கூட்டரால் என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பார், தங்கை. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு யூனிட்டில் ஸ்கூட்டர் 30 கிலோமீட்டர் ஓடினால், வழியில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 30 கிராம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் 50 கிராம். இன்றைய நிலக்கரியிலேயே இவ்வளவு வித்தியாசம். பேட்டரி செய்யும்போது வரும் புகை தனி, அதை ஓட்டி ஓட்டித்தான் கழிக்க வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டையும்விட நல்லது.

கஞ்சிக்கோடு, ஆலைத் தொழிலாளி: மின்சாரத்தில் பாதி பசுமையாகிவிட்டது என்று 2025-இல் அரசு அறிவித்ததே, உண்மைதானா?

நிறுவிய திறனில், அதாவது எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி என்பது உண்மை. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து வருடம் முன்னதாகவே எட்டியது பெருமைக்குரியதுதான். ஆனால் உங்கள் ஊர்க் காற்றாலைகளையே பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் சுழன்று தள்ளும், மற்ற மாதங்களில் பாதி நாள் சும்மா நிற்கும். சூரியத் தகடுக்கு இரவு விடுமுறை. அனல்மின் நிலையமோ ராத்திரியும் ஓடும். அதனால் உற்பத்தியாகும் யூனிட்டைக் கணக்கிட்டால் இன்னும் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரிதான். அறிவிப்பில் திறன் என்று இருக்கிறதா, உற்பத்தி என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பாலக்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, இத்தனை நாடுகளின் இத்தனை சட்டங்களில் பலித்தவை எத்தனை?

ஐயா, 41 நாடுகளில் 1998 முதல் 2022 வரை வந்த 1,500 கொள்கைகளை ஓர் ஆய்வுக் குழு சலித்துப் பார்த்தது. 2024-இல் வெளியான முடிவின்படி, பெரிய அளவில் உமிழ்வு இறங்கியது 63 சந்தர்ப்பங்களில்தான். மானியம் மட்டும், தடை மட்டும் என்று தனித்து வந்தவற்றைவிட விலையோடு சேர்ந்து வந்தவை நன்றாகப் பலித்தன. பிரிட்டன் 2013-இல் மின் உற்பத்தியில் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது, நிலக்கரி நிலையங்களுக்கு மூடும் கெடுவும் வைத்தது. கடைசி நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

பலித்தது நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008-இல் கார்பன் வரி போட்டு, அந்தப் பணத்தை மற்ற வரிகளைக் குறைத்து மக்களுக்கே திருப்பியது. உமிழ்வு 5 முதல் 15 சதவீதம் குறைந்ததாக ஆய்வுகள் சொல்லின. பாடப்புத்தக உதாரணம் என்று நாங்கள் கொண்டாடினோம். 2025 ஏப்ரலில் மக்கள் மீதான அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வரி கட்டுவது பங்க்கில் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது, திரும்பி வருவது யார் கண்ணிலும் படுவதில்லை.

சித்தூர், முதுகலைப் பொருளியல் மாணவர்: அக்கா, நானும் இந்தத் துறையில் ஆய்வு செய்ய நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யில், உமிழ்வுக் குறைப்பை ஆராயும் மூன்றாம் பணிக்குழுவின் 2022 அறிக்கையில் கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை முதலில் படியுங்கள், தம்பி. புள்ளியியலில் காரணம்–விளைவைப் பிரித்தறியும் முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இங்கே வேலை நடக்காது. தலைப்புக்கு ஸ்வீடன் போக வேண்டாம். 2 ரூபாய் செஸ் வந்த 2023 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும், வேலந்தாவளம் தொடங்கி மீனாட்சிபுரம் வரை எல்லையின் இரு பக்கத்து பங்க்குகளிலும் மாத விற்பனை எவ்வளவு என்று திரட்டுங்கள். எல்லையிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பங்க்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட அவை வேண்டும். பங்க் முதலாளிகள் முதலில் வருமான வரிக்காரர் என்று நினைத்து விரட்டுவார்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள்.