மறு: மூன்று நாட்டுக் குழுக்களின் நீர்க் கணக்கு ஒத்துப்போகவில்லை

ஒரே ஆற்றுப்படுகை, ஒரே மின் நிலையம், ஆனால் மூன்று குழுக்களின் நீர்ப் பயன்பாட்டு எண்களும் பல மடங்கு வேறுபடுகின்றன என்கிறீர்கள். கணக்கீட்டு மாதிரியைக் குறை சொல்லும் முன், 'பயன்பாடு' என்பதை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். எடுத்த நீர் வேறு, திரும்பாமல் போன நீர் வேறு. ஒருவழிக் குளிர்விப்பில் (நீரை ஒருமுறை மட்டும் மின் நிலையத்தின் வழியே ஓடவிட்டு வெளியேற்றும் முறை) ஏராளமாக எடுப்பார்கள், பெரும்பகுதி சூடாக ஆற்றுக்கே திரும்பிவிடும். அதே நீரைச் சுழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் குளிர்விப்புக் கோபுரம் என்றால் எடுப்பது குறைவு, ஆவியாவது அதிகம். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70% வேளாண்மைக்கு என்பதும் எடுப்புக் கணக்குதான். உணவு உற்பத்தியைக் கணக்கிடும் குழுவிடம், அவர்கள் எண் எடுத்த நீரா, திரும்பாத நீரா என்று கேளுங்கள் (கோபப்படுவார்கள், பரவாயில்லை). அப்புறம் எல்லை: நகர ஆய்வாளர் மாநகராட்சி எல்லையில் கணக்கிடுவார், நீரியலாளர் படுகை எல்லையில் (அந்த ஆற்றுக்கு நீர் வந்துசேரும் முழுப் பரப்பு). சரி, முதலில் ஒரு பக்கத்தில் வரையறைகளை எழுதி மூன்று குழுக்களிடமும் ஒப்புதல் வாங்குங்கள். தரவுப் பரிமாற்றம் அதற்குப் பிறகு.