பூச்சிக்கு அலறும் பிள்ளை

கேள்வி: கரப்பானைக் கண்டால் அலறி ஓடும் என் ஏழு வயது மகன், தும்பியைப் பிடித்தால் இறகைப் பிய்த்து விளையாடுகிறான். கண்டித்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: கரப்பானைக் கண்டதும் வீட்டில் முதலில் அலறுவது யார் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைக் குழந்தைகள் பெரும்பாலும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அச்சத்தைப் போக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். முதலில் படம், பிறகு மூடிய கண்ணாடிக் குடுவை, அதன்பின் திறந்தவெளி என்று அவன் விரும்பும் அளவுக்கு மெல்ல நெருங்கவிடுங்கள். ஆயிரக்கணக்கான கரப்பான் இனங்களில் வீடுகளுக்குள் தொல்லை தருபவை மிகச் சிலவே என்பதையும் சொல்லலாம்.

கொடுமைக்கு மருந்து, கண்டிப்பைவிட உருப்பெருக்கிக் கண்ணாடிதான் என்பது என் எண்ணம். ஓர் எறும்பை அதன்வழியே காட்டுங்கள்: முன்னங்காலில் உள்ள சீப்புப் போன்ற வளைவுக்குள் உணர்கொம்பை நுழைத்து இழுத்து, அது தூசியைத் துடைத்துக்கொள்வதைக் கண்ட பிள்ளை அதை நசுக்கத் தயங்குவான். தும்பியின் ஒவ்வொரு கூட்டுக் கண்ணிலும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் இருப்பதையும், நீரில் வாழும் அதன் இளம்பருவம் கொசுப் புழுக்களைத் தின்பதையும், பிய்த்த இறகு மீண்டும் முளைக்காது என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

கொசுவிடம் கருணை காட்டச் சொல்லவில்லை, நானும் அடிக்கிறேன். ஆனால் வழிதவறி வீட்டுக்குள் வந்த வண்டை ஒரு குவளையால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி வெளியே விடும் வேலையை இனி அவனிடமே ஒப்படையுங்கள்.