வேதியியல் படித்தவர் கலைப் பாதுகாப்பைக் கற்பிக்கலாமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள். கலை வரலாற்றையும், ஓவியம், சிற்பம் போன்றவற்றின் மூலப்பொருள்களையும் பாதுகாப்பையும் கற்பிக்கும் பணிக்குச் செல்ல என் படிப்பு போதுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் படிப்பு நல்ல அடித்தளம், ஆனால் அது மட்டும் போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய பாடத்திலோ அதனோடு தொடர்புடைய பாடத்திலோ 55 சதவீத மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும், பொதுவாக நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் தனிப் பாடமாகவே உள்ளது. எது தொடர்புடைய பாடம் என்பதைத் தேர்வுக் குழுவின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், பாதுகாப்பியலிலேயே முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெறுவதுதான் உறுதியான வழி என்பது என் கருத்து.

வேதியியலார் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய எஸ்.பரமசிவன், செப்புத் திருமேனிகளின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கியதோடு, தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணச் சாந்தையும் நிறமிகளையும் ஆராய்ந்தவர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுவதையும், ஈரத்தோடு ஏறும் உப்பு படிகமாகி நிறப்பூச்சை உதிர்ப்பதையும் நீங்கள் வகுப்பில் எளிதாக விளக்கிவிடலாம். ஓவியத்தின் பாணியையும் காலத்தையும் கணிக்கத்தான் தனிப்பயிற்சி தேவைப்படும். லக்னோவில் 1976இல் தொடங்கப்பட்ட தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் பயிற்சி அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

அரண்மனை ஓவியங்களையே ஆய்வுக்கு எடுத்தால், அரண்மனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளதால், அனுமதிக்கு அத்துறைக்கே விண்ணப்பிக்க வேண்டும்.